கொட்டாங்குச்சி வந்தால் நின்றுவிடும்

தேங்காய் எண்ணுவதில் எங்கள் தெய்வாத்தாளை மிஞ்சின கை கிணத்துக்கடவு வட்டாரத்திலேயே இல்லை என்று, ரங்கராஜ் நாயுடு களத்துக்கு வரும் லாரிக்காரர்கள் சொல்வார்கள். குவியலிலிருந்து இந்தக் கைக்கு இரண்டு, அந்தக் கைக்கு இரண்டு என்று எடுத்து வீசிக்கொண்டே இருப்பாள். நடுவில் யாராவது ஊர்க்கதை பேசினால் அதற்கும் பதில் சொல்வாள். எண்ணிக்கை தப்பாது. நூறு முடிந்ததும் மேலே லாபக்காய் போடுவாள். வாங்குகிறவர்களுக்குக் கணக்குக்கு மேலே கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் காய் சாக்குக்குள் போகும், எண்ணிக்கையில் சேராது.

அவள் என் தம்பி மாரப்பனின் மனைவி. நான் அவனுக்கு மூத்தவள் என்பதால் என்னை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். நான் ஐந்தாவதோடு நின்றவள். அவள் பத்தாவது தேறியவள். எங்கள் வகையறாவில் பத்தாவது தேறி மருமகளாக வந்தது அவள் ஒருத்திதான். வந்த மறுவாரமே களத்துக்கு வந்துவிட்டாள். பத்தாவது என்ற பேச்சையே பிறகு யாரும் எடுக்கவில்லை.

தொண்ணூற்று ஆறாம் வருஷம் ஆடியில் நாயுடு எல்லாரையும் கூப்பிட்டு, களத்தை மனை போட்டு விற்கப்போவதாகச் சொன்னார். தை பிறந்தால் களம் கிடையாது. மாரப்பன் மரமேறுகிறவன்; அவனுக்கு எந்தத் தோப்பிலும் வேலை உண்டு. தெய்வாத்தாளுக்கு மிஞ்சியிருந்தது நார் மில் ஒன்றுதான். அங்கே ஒரு கோடையில் வேலைக்குப் போய், மட்டைத் தூசி நெஞ்சில் இறங்கி மூச்சிழுப்பு வந்து, ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி போட்டுத்தான் அவளை மீட்டோம். “இன்னொரு தடவை அந்தத் தூசிக்குள்ள அனுப்பினீங்கன்னா அப்புறம் என்கிட்டக் கூட்டிட்டு வராதீங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த ஆவணியில் ஒரு நாள் சாமான் வாங்கக் கோயம்புத்தூர் உக்கடத்துக்குப் போயிருந்தோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் போர்டு இருந்தது. பத்தாவது தேறியவர்கள் சேரலாம், பெண்களுக்கு மதியத்தில் தனி வகுப்பு என்று எழுதியிருந்தது. தெய்வாத்தாள் மஞ்சள் பையைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றாள்.

“என்ன அம்மணி, பஸ்சு போயிரும்” என்றேன்.

“பத்தாவதுன்னா நானும் பத்தாவதுதானுங்களே, நங்கையா.”

அன்றைக்கு இரண்டு பஸ் போய்விட்டது.

மாரப்பன் அதைக் கேட்டுச் சிரித்தான். கெட்டவன் இல்லை, அவனுக்கு எதற்கும் சிரிப்புத்தான். “ஏம்புள்ள, அந்தப் பொட்டியில தேங்கா எண்ணுவாங்களாமா?” என்றான்.

“எண்ண மட்டுந்தான் தெரியுமாமுங்க அதுக்கு. உங்களாட்டம் பேசத் தெரியாது.”

அவன் சிரித்துக்கொண்டே சீட்டு எடுத்துப் பணம் கட்டினான். காலையில் களம், மதியம் பஸ் என்று அவளுக்கு ஆனது.

சென்டரை நடத்தியவர் அப்துல் நாசர் என்று உக்கடத்துக்காரர். தெய்வாத்தாளைவிட ஐந்தாறு வயது சிறியவர். அவளை அக்கா என்பார். கம்ப்யூட்டர் இருந்த அறை கண்ணாடி போட்டு, குளிர் மிஷின் வைத்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும்படி இருந்தது. முதல் நாள் அவள் வாசல் நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாளாம். கூட இருந்த காலேஜ் பெண்கள் சிரித்ததாகச் சொன்னாள். “சிரிச்சாச் சிரிச்சுப்போட்டுப் போறாங்க. கும்புடற மாதிரி எடந்தானுங்க அது” என்றாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. செருப்பைக் கழற்றச் சொல்கிற இடத்தில் கும்பிட்டால் என்ன தப்பு?

அங்கே கற்றதை அவள் வந்து என்னிடம் சொல்வாள். நான் கேட்டேன் என்பதைவிட, சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை என்பதுதான் நிஜம். முதலில் லூப் என்று ஒன்று. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிக் கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுப்பது. தன் பெயர் இருபது தடவை திரையில் வரவேண்டும் என்று எழுதினாளாம். வந்தது. இருபதைத் தாண்டியும் வந்தது. நிற்காமல் மேலே மேலே ஓடிக்கொண்டே இருந்தது.

“சார், நிக்க மாட்டேங்குதுங்க” என்று எழுந்து நின்றுவிட்டாளாம்.

நாசர் வந்து இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கி நிறுத்திவிட்டு, “ஒண்ணும் ஆகாதுக்கா, உக்காருங்க. ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணு கூட்டணும்னு நீங்க அதுக்குச் சொல்லவே இல்லியே. அது இன்னும் மொதல் சுத்துலயே இருக்கோம்னு நெனச்சிட்டு ஓடுது” என்றாராம்.

இது எனக்கு உடனே புரிந்தது. நவக்கிரகத்தை ஒன்பது சுற்று சுற்றும்போது, கையில் ஒன்பது புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு, ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டையை விளக்குப் பக்கத்தில் வைப்பேன். கை காலியானால் நின்றுவிடுவேன். கொட்டையை வைக்க மறந்தால் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். அதைச் சொன்னேன். “அதேதானுங்க நங்கையா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நாள் இருபது தடவை சரியாக வந்து நின்றதாம். அதை அச்சடித்துக் கொடுத்த தாளை ஓரத்துத் துளைகளோடு அப்படியே கொண்டுவந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மாரப்பன் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினான். “இதெல்லாம் என்ற ஊட்டுக்காரி பேருங்க. ஒரு நிமிசத்துல அடிச்சுதாமா” என்பான்.

ஐப்பசியில்தான் கஷ்டமான பாடம் வந்தது. எழுத்துகளை வரிசையாகக் கோத்து வைத்தால் அதற்கு ஸ்ட்ரிங் என்று பெயராம். ஒரு பெயரை அப்படி வைத்துக்கொண்டு எண்ணலாம், வெட்டலாம், ஒட்டலாம், திருப்பலாம். காலேஜ் பெண்களே அதில் திணறினார்களாம். இவளுக்கோ வீட்டில் போட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டர் இல்லை. ஒரு நாள் களத்தில் சாப்பாட்டு நேரத்துக்கு உரித்த தேங்காய் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் கரித்துண்டால் ஓர் இங்கிலீஷ் எழுத்தை எழுதி வரிசையாக வைத்தாள். தெய்வா என்று வரும் ஐந்து எழுத்து.

“மொதல் காய்க்கு ஒண்ணுன்னு நம்பர் கெடையாதுங்க. சைபர்” என்றாள். “வகுப்புல எல்லாரும் அது எப்படீன்னு கேட்டாங்க. நம்ம நெல்லளக்கறப்ப மொதல் வள்ளத்துக்கு ஒண்ணுன்னா சொல்றோம், லாபம்னுதான சொல்றோம்? அப்படீன்னு நெனச்சுட்டனுங்க.”

பிறகு ஐந்தாவது காய்க்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தாள்.

“இது எதுக்கு அம்மணி?”

“பேரு இங்க முடிஞ்சுதுன்னு அடையாளமுங்க. அது வைக்கலீன்னா, மெஷின் அக்கட்டால இருக்கற குப்பையெல்லாம் சேத்துப் படிச்சுபோடும். அதனால அஞ்சு எழுத்துன்னா ஆறு எடம் விடோணும்.”

“லாபக்காயாட்டம்.”

“லாபக்காயேதானுங்க” என்றாள். “இப்ப நீங்கதான் மெஷின். மொதல்லருந்து நடந்து ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க. கொட்டாங்குச்சி வந்தா நின்னுருங்க. அப்புறம் நானே சொன்னாலும் நகரக்கூடாது.”

நான் நடந்தேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது என்பதால் அவள் சொல்லிக்கொடுத்த மாதிரி சொல்லிக்கொண்டே போய், கொட்டாங்குச்சிக்கு முன்னால் நின்றேன். தேங்காய் உரிக்கிற ஆள்கள் உரிகோலை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். “ஏனுங்கக்கா, மெஷினுக்கு ஆயில் போடோணுங்களா?” என்று ஒருவன் கேட்டான். “மொதல்ல உன்ற வாய்க்குப் போடு, ரொம்பக் கிறீச்சுங்குது” என்றேன். மெஷின் என்றாலும் பேசக்கூடாது என்று அவள் சொல்லவில்லையே.

இப்படிக் கார்த்திகை முழுக்க நடந்தேன். சில நாள் காயை மாற்றி வைப்பாள், சில நாள் ஒரு காயை உருவிவிடுவாள். எப்போதும் முதலிலிருந்து கடைசிக்குத்தான் நடை. கொட்டாங்குச்சி வந்தால் நிற்பேன்.

மார்கழி பிறந்ததும் நாசர் ஒரு பேப்பர் துண்டைக் கொடுத்தார். போத்தனூரில் ஒரு பம்பு செட் கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு இரண்டு பெண்கள் வேண்டும், புரோகிராம் எழுதத் தெரிந்திருந்தால் போதும், உட்கார வைத்துச் சோதிப்பார்கள் என்று இருந்தது. களத்தில் கடைசி லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நார் மில் மேஸ்திரி அதற்குள் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். மாரப்பன்கூட அப்போது சிரிக்கவில்லை. “கெடைச்சாப் பாக்கலாம். கெடைக்கலீன்னா மூஞ்சியில துணியக் கட்டிட்டு நார் மில்லுக்குப் போறதுதான், வேற என்ன பண்றது” என்று என்னிடம் தனியாகச் சொன்னான். துணி கட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

சோதனை நாளில் அவள் ஒற்றையில் போகவேண்டாம் என்று நானும் கிளம்பினேன். விடிந்ததும் எங்கள் ஊர்ப் பொன்மலை வேலாயுதசாமியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம். கம்பெனியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். எல்லாரும் இளவட்டங்கள். பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஹர்ஷிணி என்று பெயர் சொன்னாள், பி.எஸ்சி. முடித்திருக்கிறாளாம். கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

“நீங்க எங்க வேல பாத்தீங்கக்கா?” என்று தெய்வாத்தாளிடம் கேட்டாள்.

“தேங்காக் களத்துலீங்க அம்மணி. எண்ற வேல.”

“நெசமாவா?” என்று அந்தப் பெண் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. அதோடு கைக்குட்டையையும் மடித்து வைத்துவிட்டாள்.

கண்ணாடி அறைக்குள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். வெளியே பெஞ்சில் நான். உள்ளே இருந்த அதிகாரி அம்மாள் பெயர் பத்மாவதி. கண்ணாடி போட்ட, சிரிக்காத முகம். எல்லாருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தார்: பெயரை டைப் செய்தால், அதில் எத்தனை எழுத்து என்று வரவேண்டும், பிறகு அந்தப் பெயர் பின்னாலிருந்து முன்னாலாகத் திரும்பி வரவேண்டும். அரை மணி நேரம்.

நான் பெஞ்சில் கந்தர் சஷ்டிக் கவசத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. அசைந்தால் அவளுக்குக் கவனம் சிதறும் என்று ஒரு நினைப்பு. முதலில் அவள் விரல்கள் வேகமாகப் போயின, தேங்காய் வீசுகிற மாதிரியே. பிறகு நின்றன. திரையைப் பார்த்தாள். மறுபடி அடித்தாள், மறுபடி பார்த்தாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் குளிரிலும் அவளுக்கு வியர்த்தது. ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முருகா, நார் மில் வேண்டாம் என்று மட்டும் கேட்டேன்.

என்ன நடந்தது என்று பிறகு அவளே சொன்னாள். தெய்வா என்று டைப் செய்தாள். எழுத்து ஐந்து என்று சரியாகச் சொன்னது கம்ப்யூட்டர். திருப்பின பெயர் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. தப்பான எழுத்து வந்தால்கூட எங்கே தப்பு என்று பார்க்கலாம். வெறும் இருட்டில் எதைப் பார்ப்பது? லூப்பைச் சரிபார்த்தாள், புளியங்கொட்டை சரியாக இருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் ஹர்ஷிணி முடித்து எழுந்துவிட்டாள்.

அப்போதுதான் தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் பெஞ்சில் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன்.

“உங்களப் பாத்ததும் களத்துல நின்ன மாதிரியே தெரிஞ்சுதுங்க நங்கையா” என்றாள் பிறகு. “கொட்டாங்குச்சியப் பாத்து நின்னுபோட்டீங்களேன்னு நெனச்சேன். அடுத்த நிமிசம் புரிஞ்சுபோச்சு.”

களத்தில் ஒரு வழக்கம் உண்டு. லாரி போய்ச் சேர்ந்த இடத்தில் மறு எண்ணிக்கை எடுப்பார்கள். சாக்கைத் திறந்தால் மேலே கிடப்பது கடைசியில் போட்ட லாபக்காய். அதை முதலில் எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் எண்ண ஆரம்பிக்கவேண்டும். புது ஆள்கள் அதையும் சேர்த்து எண்ணிக் கணக்கைக் குழப்புவார்கள்; அவர்களைத் தெய்வாத்தாளே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். இன்றைக்கு அவளே அதைச் செய்திருந்தாள். பெயரைப் பின்னாலிருந்து எடுத்தபோது, கடைசியில் இருந்த கொட்டாங்குச்சியைத் தனியாக வைக்காமல், அதையும் ஓர் எழுத்தாக எண்ணி முதலில் தூக்கி வைத்துவிட்டாள். திருப்பின வரிசையில் முதல் இடத்திலேயே கொட்டாங்குச்சி. அதைக் கண்ட கம்ப்யூட்டர் பெயர் முடிந்தது என்று நின்றுவிட்டது. பின்னால் ஐந்து எழுத்தும் சரியாகத்தான் கிடந்தன. போய்ப் பார்க்க ஆள் இல்லை.

ஒரே ஓர் இடத்தில் ஒன்றைக் கழித்தாள். மறுபடி தெய்வா என்று அடித்தாள்.

அவள் முதுகு நிமிர்ந்ததை நான் வெளியிலிருந்து பார்த்தேன். திரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் நூறு முடித்து லாபக்காய் வீசுகிறபோது அவள் நிமிர்கிற நிமிர்வு எனக்குத் தெரியாதா?

பத்மாவதி அம்மாள் வந்து பின்னால் நின்று, தன் பெயரையும் அடித்துப் பார்த்தார். வேறு சில பெயர்களை அடித்தார். எல்லாம் திரும்பி வந்தன. “முதல்ல ஒண்ணும் வரலையே, பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். என்ன தப்புன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார்.

தெய்வாத்தாள் எழுந்து நின்று, லாபக்காயையும் கொட்டாங்குச்சியையும் சொன்னாள். மெஷினாக நடந்த என்னையும் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் எழுந்து கும்பிட்டேன்.

“எங்க ஊட்டுலயும் தோப்பு இருக்குது” என்றார் அவர். அதுவரை பேசின பட்டணத்துப் பேச்சு எங்கேயோ போய்விட்டதாம். “லாபக்காய் குடுத்தே எங்கப்பா நொந்துபோவாரு. உக்காருங்க.”

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் இரண்டு பெயரைக் கூப்பிட்டார்கள். ஹர்ஷிணி. தெய்வாத்தாள். அந்தப் பெண் ஓடிவந்து இவளைக் கட்டிக்கொண்டது. தெய்வாத்தாள் என்னிடம் நடந்து வந்து, காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள். “சாமியக் கும்புடு அம்மணி, என்னய எதுக்கு” என்று தூக்கிவிட்டேன்.

திரும்பும் வழியில் பஸ் மாற உக்கடத்தில் இறங்கி, மாடி ஏறி நாசரிடம் சொன்னோம். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “எல்லாரும் எந்திரிங்க, கை தட்டுங்க” என்றார். முதல் நாள் சிரித்த காலேஜ் பெண்களும் தட்டினார்கள். ஆயுத பூஜைக்கு அவர்கள் வைத்த சந்தனப் பொட்டு திரைகளின் ஓரத்தில் இன்னும் அழியாமல் இருந்தது.

கிணத்துக்கடவில் பஸ் நிற்கும்போது மாரப்பன் ரோட்டோரத்தில் காத்திருந்தான். களத்து ஆள்களும் நாலைந்து பேர் கூட வந்திருந்தார்கள். எல்லாரும் எங்கள் முகத்தையே பார்த்தார்கள்.

“திங்கக்கெழமை வரச் சொல்லிப்போட்டாங்க” என்றாள் தெய்வாத்தாள்.

மாரப்பன் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். பிறகு, “அந்த மேஸ்திரிகிட்ட நானே போய்ச் சொல்றேன், வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி” என்றான். அதைச் சொல்லும்போதே அவன் குரலில் பழைய சிரிப்பு திரும்பிவிட்டது. நேரே களத்துக்குப் போய், நாயுடுவிடம் கேட்டுக்கொண்டு தென்னையில் ஏறினான். இளநீர்க் குலை ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினான். நாயுடுவும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, “போத்தனூர் கம்பெனிக்காரன் குடுத்து வச்சவன்” என்றார்.

மாரப்பன் சீவிச் சீவி ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். எல்லாருக்கும் வந்தது. அவன் கையில் ஒன்று மிச்சம் இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏனுங்க கம்ப்யூட்டரம்மா, எண்ணித்தான் எறக்கினேன். இது யாரு கணக்கு?” என்று கேட்டான்.

“அது லாபக்காயிங்க. எண்ணிக்கையில சேராது” என்று சொல்லி, அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே மூச்சில் குடித்து முடித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டாள். இழுப்பு இல்லாத அந்த மூச்சைக் கேட்டபடி நான் பொன்மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.